பெயர் மறந்த விளையாட்டு

வைகையாறு மணல் காட்டிக் கிடக்கும் சித்திரை, வைகாசித் திங்கள்களில் மதுரைச் சிறுவர்க்குப் பள்ளி விடுமுறை. கோலியும் பம்பரமும் கிட்டிப்புள்ளும் அவ்விடுமுறைக்கு உரிய விளையாட்டுகளாகப் பன்னெடுங்காலம் இருந்து வந்தன. 1990ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அவற்றோடு புதியதொன்றும் வந்து சேர்ந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தில் ஆன்டெனாக் கம்பியைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒரு சிறு கருவியின் கம்பியைச் செருகுவர். திரை ஒருகணம் இரைந்து நடுங்கும். பின்னர்ச் செய்தி வாசிப்பவர் இருந்த இடத்தில் ஒரு விளையாட்டுக் களம் தோன்றும். அதனைச் சிறுவர் 'டி.வி. கேம்' என்றனர்.

அக்கருவிகளின் மூலம் ஜப்பான் நாட்டில் உள்ளது. கியோட்டோ நகரத்து நின்டென்டோ நிறுவனம் 1983 ஜூலை 15ஆம் நாளன்று 'ஃபேமிகாம்' என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதனைப் பார்த்துப் பிறர் செய்த போலிக் கருவிகள் பிற்காலத்தில் பற்பல பெயர்களுடன் பல நாடுகளுக்கும் பரவின. இந்தியாவில் பெரிதும் வழங்கியவை அப்போலிகளே. கருவியில் செருகும் பெட்டியை நம்மவர் 'கேசட்' என்று வழங்கினர். பாட்டுக் கேசட்டில் ஓடுவது போன்ற நாடா எதுவும் அதனுள் இல்லை. சில்லுகள் பதித்த சிறு தகடு ஒன்றே இருந்தது. ஆயினும் பெட்டியின் வடிவு கருதிப் பெயர் நிலைத்துவிட்டது. சில கேசட்டுகளின் மேல் ஒட்டிய தாளில் இலட்சக்கணக்கான விளையாட்டுகள் உள்ளே இருப்பதாக அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். எண்ணைக் கண்டு மயங்கிய சிறுவர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. பத்தே அவர்க்குப் போதுமானதாக இருந்தது.

அக்காலத்தில் மேலூரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து விடுமுறைதோறும் மதுரையில் உள்ள மாமன் வீட்டுக்கு வந்து தங்கிய சிறுவன் ஒருவன் இருந்தான் என்று கொள்க. இன்று அவர் நாற்பது வயதைக் கடந்தவர். மாமன் மகனும் அவரும் அருகருகே அமர்ந்து ஆடிய விளையாட்டு ஒன்று அவர் நெஞ்சில் பாதி நிற்கிறது, பாதி மறைந்துவிட்டது. ஒரு டாங்கி; சுற்றிலும் செங்கற் சுவர்கள்; களத்தின் அடியில், நடுவிடத்தில், காக்க வேண்டிய பறவை ஒன்று; எங்கிருந்தோ வந்துகொண்டேயிருக்கும் பகை டாங்கிகள். இவற்றோடு, ஆற்றின்மேல் டாங்கி மிதந்து சென்றதாகவும் ஒரு நினைவு. பெயர் மட்டும் தெரியவில்லை. தெருப்பிள்ளைகள் அதனை 'டாங்கி' என்றே அழைத்தனர். பெயர் கேட்க வேண்டிய தேவை அன்று எவர்க்கும் எழவில்லை.

மாமன் மகன் இப்போது உயிருடன் இல்லை. தன் பிள்ளைகளுக்கு அவ்விளையாட்டைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பெயர் தெரியாத ஒன்றை எவ்வாறு தேடுவது?

இவ்வகைத் தேடலில் முதற்கண் அறிய வேண்டுவது நினைவின் இயல்பு. நெஞ்சம் கண்டதைக் கண்டவாறே பதித்து வைக்கும் ஏடு அன்று. கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்து உளநூல் அறிஞர் பிரடெரிக் பார்ட்லெட் என்பவர் 1932ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனைச் சான்றுகளுடன் விளக்கினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை அவர் ஆங்கிலேயர் சிலர்க்குப் படிக்கக் கொடுத்துச் சில காலம் கழித்துத் திருப்பிச் சொல்லச் செய்தார். கதை சுருங்கியது, புரியாத பகுதிகள் உதிர்ந்தன, புதியவை பழகியவையாக மாறின. கதையில் இருந்த மரக்குடைவு ஓடம், சொன்னவர் வாயில் சாதாரணப் படகாயிற்று. நினைவு கூர்தல் என்பது இருப்பதை எடுத்துத் தருவதோடு நில்லாமல், இல்லாததை இட்டு நிரப்பவும் செய்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

ஆகவே, தேடுபவர் தம் நினைவுகளை ஒவ்வொன்றாக நிறுத்திச் சாட்சிகளைப் போல் வினவ வேண்டும். மேலே சொன்னவர், தாம் ஆடிய விளையாட்டுக்கு நிறமே இல்லை என்று உறுதியாகக் கூறுவார். ஆனால் மாமன் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. நிறமின்மை பெட்டியின் குறையாகலாம். விளையாட்டின் இயல்பாக வேண்டுவதில்லை. அச்சாட்சி தள்ளுபடி ஆகிறது. கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படத்தில் ஒரு கராத்தே வீரன் இருந்தான் என்பது இன்னொரு நினைவு. பல விளையாட்டுகள் அடங்கிய கேசட்டின் மேல் எந்தப் படத்தையும் ஒட்டுவது அக்கால வழக்கம். ஆதலின் அதுவும் பயன்படாது. களத்தை மேலிருந்து பார்ப்பது போலக் கண்டோமா, பக்கவாட்டில் கண்டோமா? இருவர் ஒரே நேரத்தில் ஆடினோமா, மாறி மாறி ஆடினோமா? எது நேர்ந்தால் ஆட்டம் முடிந்தது? இவ்வினாக்களுக்குப் பெரும்பாலும் நம்பத்தக்க விடை கிடைக்கும். கையும் கண்ணும் பல நூறு முறை பழகிய செயல், ஒருமுறை படித்த பெயரைக் காட்டிலும் ஆழப் பதிவது இயல்பே அன்றோ? மதுரைத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர்க்கும் ஒரு சந்தின் பெயர் மறந்து போகும். அச்சந்துக்குப் போகும் வழியைக் கால் மறப்பதில்லை.

சாட்சிகளைத் தேர்ந்த பின்னர்த் தேடும் இடத்துக்குச் செல்லலாம். ஜிம் லெனார்டு, பிரையன் ஹர்ட் என்னும் பள்ளித் தோழர் இருவர் 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'மோபிகேம்ஸ்' என்னும் தரவுத்தளத்தைத் தொடங்கினர். ஒவ்வொரு விளையாட்டும் எந்தக் கருவிக்காக, எந்த ஆண்டில், யாரால் ஆக்கப்பட்டது, அதன் களம் எக்கோணத்தில் தோன்றும், எத்தனை பேர் ஆடலாம் என்பவற்றை அத்தளம் தனித்தனிக் கட்டங்களில் பதிந்து வைக்கிறது. திரைப் படங்களும் உடன் உள்ளன. பதிபவர் பெரும்பாலும் ஊதியம் பெறாத ஆர்வலர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்த்த பின்னரே அது வெளியாகும்.

தமிழர்க்கு இம்முறை புதிதன்று. அத்தளம் தோன்றுவதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பெற்றது. சங்கம் வளர்த்த ஊரின் பெயரைத் தாங்கிய அத்திட்டத்திலும் உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாது தமிழ் இலக்கியங்களைக் கணிப்பொறியில் தட்டெழுதினர். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தனர். ஒரு பாட்டின் இடையில் வரும் ஒரு சொல் மட்டும் நினைவிலிருப்பவர் அப்பாட்டையும் அது அமைந்த நூலையும் இன்று கண்டுபிடிக்க இயல்வது அவர்கள் உழைப்பால்தான். நூலுக்கு அவர்கள் செய்ததையே விளையாட்டுக்கு மற்றவர்கள் செய்தார்கள். விளையாட்டுக்குப் போய் இத்துணைப் பாடு வேண்டுமா என்று கேட்போர் உளர். ஒரு தலைமுறையின் பிள்ளைகள் தம் மாலைப் பொழுதுகளை எதில் கழித்தார்கள் என்பதும் வரலாறுதான். கீழடியில் கிடைத்த மண்சில்லுகளையும் ஆட்டக்காய்களையும் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காட்டும் நாட்டில் அதற்கு வேறு விடை தேவையில்லை.

இனி, அவருடைய தேடலைக் காண்போம். கருவி ஃபேமிகாம்; பார்வை மேலிருந்து; பொருள் டாங்கி. இம்மூன்று வரம்புகளை இட்டதும் பல்லாயிரம் விளையாட்டுகள் விலகி, ஒரு சிலவே எஞ்சும். திரைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகையில் செங்கற் சுவர்களும் அடியில் ஒரு கழுகும் கொண்ட படம் தென்படும். ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி' அது. முப்பத்தைந்து களங்கள், களம் ஒன்றுக்கு இருபது பகை டாங்கிகள், இருவர் ஒரே நேரத்தில் ஆடலாம், ஒருவர்க்கு மஞ்சள் டாங்கி, மற்றவர்க்குப் பச்சை. கழுகு வீழ்ந்தால், டாங்கிகள் எத்தனை எஞ்சியிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. அவசரத்தில் தன் குண்டினாலேயே தன் கழுகை வீழ்த்திவிட்டு விழித்த சிறுவர் பலர். மண்வெட்டி ஒன்று தோன்றும். அதனை எடுத்தால் கழுகைச் சூழ்ந்த செங்கற் சுவர் சிறிது நேரம் எஃகுச் சுவராகும்.

இதற்கு முன்னோடி ஒன்றும் உண்டு. அதே நிறுவனம் 1980ஆம் ஆண்டில் நாணயம் இட்டு ஆடும் பெட்டிகளுக்காக ஆக்கிய 'டாங்க் பட்டாலியன்' அது. அதிலும் டாங்கிகளும் செங்கற்களும் காவலிடமும் உண்டு. ஆனால் அதில் இருவர் ஒருங்கே ஆட இயலாது. 'நாங்கள் இருவரும் சேர்ந்தே ஆடினோம். அவன் குண்டு என் டாங்கியில் பட்டு நான் நின்றுபோவேன். அதற்காகச் சண்டையிடுவோம்' என்னும் நினைவு அதனை விலக்கிவிடுகிறது. பேட்டில் சிட்டியில் தோழனின் குண்டு பட்டால் டாங்கி சற்று நேரம் அசையாது நிற்கும். சிறு பிணக்கொன்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் சான்றாகி நின்றது.

தேடல் இத்துடன் முடிந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஒன்று இடிக்கிறது. ஆறு எங்கே? ஆற்றின்மேல் மிதந்த டாங்கி எங்கே? பேட்டில் சிட்டியில் நீர்நிலைகள் உண்டு. டாங்கி அவற்றைக் கடக்க இயலாது. அதில் தோன்றும் துணைப்பொருள்கள் ஆறு: விண்மீன், கையெறிகுண்டு, தலைக்கவசம், மண்வெட்டி, கடிகாரம், மற்றொரு டாங்கி. படகு அவற்றுள் இல்லை. பார்ட்லெட்டின் நூலைப் படித்தவர், "இது நினைவு இட்டு நிரப்பியது, வேறெங்கோ கண்ட படகு இங்கே வந்து ஒட்டிக்கொண்டது" என்று சொல்லிவிடக்கூடும். அறிவியலின் துணை இருந்தும் அம்முடிவு ஈண்டுப் பிழையாகும்.

ஏட்டுச்சுவடிகளோடு பழகிய தமிழறிஞர் இவ்விடத்தில் வேறு விதமாக எண்ணியிருப்பர். உ. வே. சாமிநாத ஐயர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரு சுவடியோடு நின்றாரல்லர். பல இடங்களிலிருந்து சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டார். 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது நூல்நிலையமும் சுவடித் தொகுப்பும் அதன் முதற்பணிகளுள் அடங்கின. படி எடுப்பவர் கைப்பட்டு நூல் மாறும் என்பதை அவர்கள் அறிவர். ஒரு சுவடியில் உள்ள அடி மற்றொன்றில் இல்லையாயின், படித்தவர் பொய் கூறுகிறார் என்று உடனே கொள்ளார். இது பாடவேறுபாடா, இடைச்செருகலா என்றே ஆராய்வர்.

விளையாட்டும் அவ்வாறே மாறியிருந்தது. ஃபேமிகாம் போலிகளில் வந்த கேசட்டுகளுள் பலவற்றில் இருந்தது பேட்டில் சிட்டியின் மூலம் அன்று. பிறர் மாற்றியமைத்த 'டாங்க் 1990' என்னும் வடிவம். நாம்கோவின் பெயரை நீக்கி, களங்களை மாற்றி, புதிய துணைப்பொருள்களையும் அதில் சேர்த்திருந்தனர். அப்பொருள்களுள் ஒன்று படகு. அதனைப் பெற்ற டாங்கி நீரின்மேல் செல்லும். மேலூர்ச் சிறுவன் கண்டது கனவன்று.

மூலத்தை ஆக்கியோரின் ஒப்புதல் இன்றி வெளிவந்த படியாதலால், முறையான வெளியீடுகளைப் பதிவதிலேயே கருத்தூன்றிய பட்டியல்களில் இதனைத் தேடி ஏமாறுவது எளிது. இத்தகைய படிகளையும் மாற்று வடிவங்களையும் ஆராய்வதற்கென்றே வேறு தொகுப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை நம்புவதில்லை, கைரேகையை நம்புகிறார்கள். சில்லில் உள்ள எண்கள் அனைத்தையும் ஒரு குறித்த முறைப்படி கணக்கிட்டு, எட்டு இலக்கக் குறியீடு ஒன்றைப் பெறுகின்றனர். அவ்வாறு அமையக்கூடிய குறியீடுகள் ஏறத்தாழ 429 கோடி. பேட்டில் சிட்டி முழுவதும் 24 கிலோபைட்டுகளில் அடங்குவது. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனைப் போல் நூறு மடங்கு இருக்கும். அச்சிறு தொகுதியில் ஓர் எண் மாறினாலும் குறியீடு மாறிவிடும். ஆகவே, இரு கேசட்டுகளின் மேல் வெவ்வேறு பெயர் இருந்தும் குறியீடு ஒன்றாயின் அவை ஒரே விளையாட்டு. பெயர் ஒன்றாயிருந்தும் குறியீடு வேறாயின், உள்ளே எவரோ கை வைத்திருக்கிறார்.

பெயர் மாறுவது போலிகளில் மட்டும் நிகழ்வதன்று. கொனாமி நிறுவனத்தின் 'கான்ட்ரா' 1987ஆம் ஆண்டில் தோன்றியது. இரண்டு வீரர்கள் காட்டினூடே சுட்டுக்கொண்டு ஓடும் அவ்விளையாட்டு ஐரோப்பாவில் வீட்டுக் கருவிக்கு வந்தபோது 'புரோபோடெக்டர்' எனப்பட்டது. வீரர்களின் இடத்தில் இயந்திர மனிதர்கள் நின்றனர். மதுரையில் ஆடியவர் வீரர்களைத் தேடுவார். ஜெர்மனியில் ஆடியவர் இயந்திரங்களைத் தேடுவார். இருவர் தேடுவதும் ஒன்றே.

தேடியும் கிடைக்காதவை உண்டு. அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் 1981ஆம் ஆண்டில் 'பாலிபியஸ்' என்னும் விளையாட்டுப் பெட்டி இருந்ததாகவும், ஆடியவர் நோயுற்றதாகவும் ஒரு கதை நெடுநாளாக வழங்குகிறது. அப்படியொரு பெட்டி இருந்ததற்குச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. கண்டதாகச் சொல்வோர் மட்டும் இன்றும் இருக்கிறார்கள்.

இருந்து அழிந்தவை இவற்றினும் மிகுதி. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் மதுரையிலும் திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஊர்களிலும் பிரவுசிங் சென்டர்கள் பெருகின. அங்கே மணிக்கணக்கில் காசு கொடுத்து அமர்ந்த மாணவர்கள் ஆடியவற்றுள் பல 'ஃபிளாஷ்' என்னும் மென்பொருளால் இயங்கியவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் நாளுடன் ஃபிளாஷுக்குத் துணை நிற்பதை நிறுத்தியது. அந்நாள் வருமுன்னரே 'ஃபிளாஷ்பாயின்ட்' என்னும் தொகுப்பில் ஆர்வலர்கள் அவ்விளையாட்டுகளைத் திரட்டத் தொடங்கிவிட்டமையால் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டவை பிழைத்தன. பழைய பொத்தான் கைப்பேசிகளில் இருந்த விளையாட்டுகளுக்கு அவ்வளவு நல்லூழ் வாய்க்கவில்லை. கைப்பேசி பழுதானபோது அவற்றுள் பலவும் உடன் போயின. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்த விளையாட்டுகளை ஆராய்ந்த வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை, அவற்றுள் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்க இயலாதவை என்று 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. பதிவுகள் நிறைந்த நாட்டின் கணக்கே இது.

நம் நாட்டில் விற்ற போலிக் கேசட்டுகளுக்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு. எந்த ஊரில் கூடு செய்தார்கள், எவர் மேலட்டையை அச்சிட்டார், மதுரைக் கடைவீதிக்கு எவ்வழியாக வந்தன என்பவை விற்றவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. விற்றவர்களும் முதுமை எய்துகிறார்கள்.

மேலூர்க்காரர் ஒருநாள் மாமன் வீட்டுப் பரணில் ஏறுகிறார். பித்தளை அண்டாவுக்கும் கிழிந்த பாய்க்கும் இடையில் பழைய அட்டைப் பெட்டி ஒன்று. கருவியின் கம்பியை எலி கடித்திருக்கிறது. கேசட் ஒன்று எஞ்சியிருக்கிறது. அதன் மேல் ஒட்டிய தாளில், அவர் நினைத்தபடியே, கராத்தே வீரன். பின்புறத்தில் பிள்ளைக் கையெழுத்தில் இரண்டு பெயர்கள், ஒன்று அவருடையது. அவர் கேசட்டைத் துடைத்து, முன்னும் பின்னும் சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து, வாங்கிய ஊர் என்னும் இடத்தில் 'மதுரை' என்று எழுதுகிறார். வாங்கிய ஆண்டை மட்டும், அத்தையிடம் கேட்டு எழுதலாம் என்று விட்டுவைத்திருக்கிறார்.